அடியில் இருக்கும் கெண்டைக்கு இரை

வாரம் முழுவதும் தொழிற்சாலையில் டெலிபோனுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அண்ணனோடு அல்சூர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பல வாரமாகக் கேட்டு வந்தேன். ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தது, நிபந்தனையோடு. மீனோடு திரும்பினால் இனி ஒவ்வொரு வாரமும் போகலாம். வெறுங்கையோடு வந்தால் ஆஸ்டின் டவுன் வீட்டோடு இருக்க வேண்டியதுதான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

கிளம்பும்முன் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்: தூண்டில் நரம்பு, முள், சீசாத் தக்கை, இரைக்குக் காலையில் கிண்டிய ராகிக் களி. இரை அமிழ எடை வேண்டும். ரேடியோ கடையில் வாங்கிய, பற்றவைக்கும் ஈயச் சால்டர் கம்பியை முள்ளுக்கு மேலே நரம்பின்மீது ஒரு முழத்துக்குச் சுற்றினேன். காயில் சுற்றுவது போலவே, சுற்றோடு சுற்று ஒட்டி, பிசகே இல்லாமல்.

தண்ணீரில் அது குச்சிபோல விறைத்து, படுத்தவாக்கில் சாவகாசமாக இறங்கியது. கெண்டை இருப்பது அடியில். அங்கே போய்ச் சேருமுன்பே மேலே திரியும் பொடிமீன்கள் களியைக் கொத்தித் தின்றன. இழுத்த போதெல்லாம் வெறும் முள்தான் வந்தது.

அண்ணனோடு ரயில்வேயில் வேலை பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னா தங்கச்சி, மீனுக்கெல்லாம் டிபன் குடுக்க வந்தியா?" என்றார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் தூண்டிலைத் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதில் விழும் மீனை அம்மா என் கணக்கில் சேர்க்க மாட்டாள்.

அவ்வளவு நேர்த்தியான சுற்றைப் பிரிக்க மனம் வரவில்லை. பிரித்தேன். கம்பியைக் கல்லால் தட்டிக் கட்டியாக்கி, முள்ளுக்கு ஒரு சாண் மேலே கட்டினேன். இப்போது வேகமாக இறங்கியது, ஆனால் தக்கை கட்டிய அளவு ஆழத்துக்குத்தான்; அடி எட்டவில்லை. தக்கையை இன்னும் மேலே நகர்த்திக் கட்டினால், தொங்கும் நரம்பு என் உயரத்தை மிஞ்சி, வீசும்போதே கரைப் புல்லில் சிக்கியது.

தக்கை ஏன் ஓரிடத்தில் நிற்க வேண்டும்? வீசும்போது கீழே இருந்துவிட்டு, தண்ணீருக்குள் போனபின் மேலே போய் நின்றால் போதுமே. முள்ளையும் எடையையும் அவிழ்த்தேன். தக்கையை நடுவில் துளைத்து, நரம்பு அதில் தாராளமாக ஓடும்படி விட்டேன். ஆழத்துக்கு வேண்டிய இடத்தில் நரம்பின்மீது நூலால் ஒரு முடிச்சு. அது துளைக்குள் நழுவாமலிருக்க, என் கைப்பையிலிருந்து ஒரு பாசிமணியை அறுத்து இரண்டுக்கும் நடுவே கோத்தேன். எடையையும் முள்ளையும் மறுபடி கட்டினேன்.

"மாலை கட்டுதுப்பா உன் தங்கச்சி" என்று ரயில்வேக்காரர் அண்ணனிடம் சொன்னார்.

வீசினேன். தக்கை மிதக்க, நரம்பு அதனூடே ஓடியது. மணி வந்து தட்டுமுன்பே தக்கை படுத்துக்கொண்டது. எடை தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இழுத்து, முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்கி மறுபடி வீசினேன். மறுபடியும் படுத்தது. இன்னும் கொஞ்சம் இறக்கியதும் மணி தட்டி, தக்கை நிமிர்ந்து நின்றது.

வெயில் ஏறிவிட்டது. அண்ணன் சைக்கிளில் பையை மாட்டினான். "போதும் வா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொன்னா கேக்க மாட்டாங்கண்ணா. இன்னும் களி இருக்கு."

களி தீர்வதற்குள் தக்கை ஒருமுறை நடுங்கி, சரேலென்று அமிழ்ந்தது. நரம்பு விரலை அறுத்தது. உதவிக்கு வந்த அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே கரையேற்றினேன். முழங்கை நீளக் கெண்டை.

அம்மா அதைத் தட்டில் போட்டுப் புரட்டிப் பார்த்தாள்.

"கெண்டையா? ஒரே முள்ளு. அடுத்த வாரம் விரால் கெடைக்குதா பாரு" என்றாள்.