மீன்முள் போன இடம்

வசந்தகுமாரிக்குப் புறா என்றால் பயம், உயரம் என்றால் பயம், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வெட்டும் கத்தியைக் கண்டாலும் பயம். தோ பாயோவில் இரண்டாம் மாடிக்கு மேல் வீடே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர். ஆனால், இருபத்தாறு ஆண்டுகளாக மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கிறார். பிறர் உடம்புக்குள் எது தெரிந்தாலும் அசர மாட்டார்.

அன்று வந்தவர் டாக்சி ஓட்டும் அலெக்சாண்டர். இடக்கழுத்தில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். ‘சீழ்க்கட்டியாக இருக்கலாம், ஸ்கேனுக்குப் பின் கீறலாம்’ என்றது டாக்டர் ரஞ்சனின் சீட்டு.

“எப்போலேருந்து அங்கிள்?”

“பத்து நாளா. மீன்தலைக் கறி சாப்பிட்டேன்மா, முள்ளு மாட்டிக்கிச்சு.”

“எடுத்தாங்களா?”

மனைவி அற்புதமேரி பெருமையோடு முந்திக்கொண்டார். “எதுக்கு எடுக்கணும்? சோத்தை உருட்டிக் குடுத்தேன். மூணாவது உருண்டையில போயிருச்சு லா!”

போனதில் சந்தேகமில்லை. எங்கே போனது என்பதுதான் கேள்வி.

சீழ் என்றால் திரையில் அசைவே இருக்காது. இங்கே இரத்த ஓட்டத்தைக் காட்டும் சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று துரத்திச் சுழன்றன. மூளைக்குப் போகும் தமனியை முள் துளைத்திருந்தது. ஓட்டை வாயில் இரத்தம் பையாக உப்பியிருந்தது. வசந்தகுமாரி போனை எடுத்தார்.

“டாக்டர் ரஞ்சன், கீறிடாதீங்க. ரத்தக்குழாய் ஓட்டையாயிருச்சு.”

“கன்ஃபர்மா?”

“கத்தியைக் கீழ வச்சிட்டு ஓடி வாங்க.”

அதற்குள் அலெக்சாண்டர் இருமினார். வீக்கம் கண்ணெதிரே இரட்டித்தது, வாயில் இரத்தம். வசந்தகுமாரி மூன்று விரல்களால் தமனியைக் கழுத்தெலும்போடு சேர்த்து அழுத்தினார். விட்டால் உயிர் போகும். ஒரேயடியாக அழுத்தினால் மூளை பட்டினி கிடக்கும். இரண்டுக்கும் நடுவே நாற்பது நிமிடம், உருளும் கட்டிலோடு ஓடியபடியும், மயக்க மருந்து கொடுக்கும்போதும், அந்த விரல்கள் நகரவில்லை. தொடை வழியாகக் குழாய் செலுத்தி, உறைபோட்ட ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் ஒன்றை ஓட்டைக்கு நேராக விரித்தார் ரஞ்சன். கசிவு நின்றது. முள்ளைத் தொண்டை வழியாக எடுத்தார்கள்.

மறுநாள் காலை சுவாசக் குழாயைக் கழற்றினார்கள். பேச்சு மிஞ்சியதா என்பது யாருக்கும் தெரியாது.

“உங்க பேரு சொல்லுங்க, அங்கிள்,” என்றார் ரஞ்சன்.

அலெக்சாண்டர் நெடுநேரம் முறைத்தார். பிறகு கரகரத்தார்: “சீட்டுல எழுதியிருக்கே டாக்டர், படிக்கலியா?”

மூளை, பேச்சு, வாய்த்துடுக்கு, மூன்றும் பத்திரம். வசந்தகுமாரி கைதட்டினார். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சத்தம் கூடாதென்று தாதி அதட்டினார். வசந்தகுமாரி இன்னும் பலமாகத் தட்டினார்.