கல்யாணத்துக்கு வந்த குடங்கள்

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு அப்போது ஒரே ஒரு கிணறுதான். என் கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அதில் ஒரு ஆடு விழுந்து செத்துக் கிடந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் அடிவாரத்திலிருந்து வேனில் வந்து இறங்குவார்கள். உலை வைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

"கல்யாணத்தத் தள்ளிப் போட்டுடலாங்க" என்று அப்பாவிடம் சொல்லி அம்மா அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு செல்வி அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தார். முந்தின நாள் இறைத்து வைத்த தண்ணீர். அவருக்குக் கைக்குழந்தை வேறு.

"புள்ளைக்கு இன்னா பண்ணுவ? எடுத்துக்கினு போ" என்றாள் அம்மா.

"அதுக்கு ஒரு சொம்பு எடுத்து வச்சிட்டேன் அத்தை. நீங்க அடுப்பப் பத்த வையுங்க."

அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், பால் கேன் என்று வாசல் நிறைந்துவிட்டது. ஆண்கள் கிணற்றை இறைக்கப் போனார்கள்.

மறுநாள் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "உங்க ஊர்ல தண்ணி ஜாஸ்தி போல!" என்றார்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று சிரித்தபடி ஊற்றினார் செல்வி அக்கா.

முந்தின இரவு அந்த வீடுகளில் குடிக்க என்ன இருந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணத்துக்குப் பின் நாங்கள் குடிபோன கள்ளக்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்த பிறகு, ஒரு நாள் அதைத் திறக்கும்போதுதான் தோன்றியது. குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.