‘நான்’ வரைக்கும்தான் வந்தது

அடுத்தவர்களுக்குத் தைரியம் சொல்லித்தரும் வேலையில் ஒரு வசதி உண்டு: சொல்லித்தருகிறவருக்கு அது இருக்கிறதா என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட டீச்சர்களே, ஹாஸ்டல் வார்டன்களே, உங்களுக்குத் தெரியாததா! எண்பதுகளின் கடைசியில், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்னச் சங்கம் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான் டீச்சர். ஃபேக்டரி வேலை தேடிக் கிராமத்திலிருந்து வந்து, சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பெண்பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்குவது என் பொறுப்பு. தெருவில் என்னைத் ‘தைரிய டீச்சர்’ என்பார்கள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

சத்தம்

முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். அத்தனை பேரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. “கையை எடு! நிமிர்ந்து பாரு! சத்தமா பேசு!” என்று மேசையைத் தட்டினேன். எல்லாரும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள். பாகலூர் பக்கத்திலிருந்து வந்த ரத்னம்மா மட்டும் பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “நீங்க போடற சத்தத்துல எங்க சத்தம் எப்படிக் கேக்கும் டீச்சர்?”

திக்குவாய்

இதே ரத்னம்மா எதைக் கேட்டாலும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தித்தான் பதில் சொல்வாள். பாவம், திக்குகிறது என்று நானே முடிவு கட்டி, தினமும் ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொல்லிப் பழகச் சொன்னேன். ஒரு மாதம் அந்தப் பிள்ளை மறுபேச்சில்லாமல் சொன்னது.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன், அத்திப்பள்ளி போகிற பஸ் கண்டக்டரோடு கன்னடத்தில் சண்டை, பக்கத்தில் நின்ற தன் அம்மாவுக்குத் தெலுங்கில் சமாதானம் என்று பொரிந்து தள்ளுகிறாள். “உனக்குத் திக்காதா?” என்று கேட்டேவிட்டேன். ரத்னம்மா சிரித்தாள். “வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம் டீச்சர். நான் தமிழுக்கு வந்து சேர்றதுக்குள்ள நீங்க வைத்தியம் ஆரம்பிச்சுட்டீங்க!”

கண்ணாடி

இதுவரை சொன்னதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ராஜி விஷயம் அப்படியில்லை. சாமல்பட்டியிலிருந்து வந்தபோது ராஜிக்குப் பதினெட்டு வயது. சர்டிபிகேட்டில் ராஜேஸ்வரி, கேட்டால் ‘ராஜி’ என்பதோடு சரி. ஒட்ட வெட்டிய கிராப்பு, அண்ணனின் பழைய சட்டை. பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் தையிலேயே மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவோம் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. கண்ணாடி முன்னால் நின்று, “நான் நல்ல பொண்ணு, என்னால முடியும்” என்று பத்து தடவை சொல்ல வேண்டும். ராஜி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். “சொந்த மூஞ்சியப் பாத்துச் சொல்ல என்னடி வெக்கம்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ரத்னம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன், அதுதான் வெட்கக்கேடு. ராஜி கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “‘நான்’ வரைக்கும் வருது டீச்சர். அப்புறம் பொண்ணுன்னும் சொல்ல வரல, பையன்னும் சொல்ல வரல.”

பூ

அதையாவது காதில் வாங்கினேனா? இல்லை. ஐப்பசியில் ஒரு வாட்ச் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ராஜிக்கு விரல் வேகம், நிச்சயம் கிடைக்கும் என்றார்கள். எனக்கோ அந்தச் சட்டையும் கிராப்பும்தான் கண்ணில் நின்றன. யாரிடமோ தாவணி வாங்கிக் கட்டிவிட்டேன். முடியே இல்லாத தலையில் ஹேர்பின்னைக் குத்தி, ஒரு முழம் கனகாம்பரத்தைத் தொங்கவிட்டேன். ராஜி “வேணாம் டீச்சர்” என்று மூன்று தடவை சொன்னார். “உன் நல்லதுக்குத்தான்டி” என்றேன்.

சின்னச் சின்ன ஸ்க்ரூக்களை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டின் குழிகளில் வைப்பதுதான் பரீட்சை. குனியும்போதெல்லாம் பூ சரிந்தது, கை பூவுக்குப் போனது, தாவணி நழுவியது, ஸ்க்ரூ எல்லாம் தரையில். ராஜி பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். வெளியே நின்றிருந்த என்னிடம் வந்து, பரீட்சை வைத்த கன்னடக்கார ஆபீசர் கோபமே இல்லாமல் கேட்டார்: “எங்களுக்கு வேண்டியது விரல்தானே டீச்சர்? பூ யாரு கேட்டாங்க?”

ங்க

ராஜி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். ரோஷக்காரப் பிள்ளை, தானே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். மார்கழியில் அதே கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கப் போவதாக எங்கோ கேள்விப்பட்டேன். பிள்ளைகள் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. ஐயோ, எனக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று நினைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர்கள் அறைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு தட்டு நிறையக் கடுகு. ராஜி அண்ணன் சட்டையோடு உட்கார்ந்து, இடுக்கியால் கடுகை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, சுற்றிலும் என் வகுப்புப் பிள்ளைகள், “விடாதீங்க ராஜி, எடுங்க, எடுங்க!” என்று கத்துகிறார்கள். கையால் வாயை மறைத்த ஒருத்தியைக் காணோம். நேற்றுவரை வாடி போடி என்றிருந்தவர்களுக்கு என்ன திடீர் மரியாதை என்று ரத்னம்மாவைக் கேட்டேன். நான் இங்கே ராஜிக்குப் போடும் ‘ஆர்’ விகுதிகூட அவள் தந்த பதிலில் கற்றதுதான். “‘வாடி’ன்னாலும் ராஜிக்குச் சுருக்குங்குது, ‘வாடா’ன்னாலும் சுருக்குங்குது. ‘ங்க’ போட்டா யாரையும் குத்தல டீச்சர்.”

மறுபடி கண்ணாடி

ராஜி அந்தச் சட்டையோடே போனார், ஒரு ஸ்க்ரூகூடக் கீழே விழவில்லை, வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிறு அதைச் சொல்ல வகுப்புக்கு வந்தார். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். ராஜி முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினால், எதிரே அந்தக் கண்ணாடி. “நான்...” என்றேன். மறுபடியும், “நான்...” யாரும் சிரிக்கவில்லை. ராஜிதான் பின்னாலிருந்து சொன்னார்: “அவசரமில்லீங்க டீச்சர். எனக்கும் அதுவரைக்கும்தான் வந்துச்சு.”

அந்த வாக்கியத்தின் மிச்சத்தை, ராஜி எதிரில் இல்லை என்ற தைரியத்தில், இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதி முடித்திருக்கிறாள் தைரிய டீச்சர்.