மூன்றாவது முறை கேட்கவில்லை

ராணுவத்தில் காவலுக்கு நிற்பவன், இருட்டில் யார் வந்தாலும் "தம்! கோன் ஆதா ஹை?" என்று மூன்று முறை கேட்பான். நில், யார் வருவது என்று அர்த்தம். "தோஸ்த்", அதாவது நண்பன், என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுட்டுவிடலாம்.

தொண்ணூறுகளில் எங்கள் பல்லாவரம் காலனிக்கு வாட்ச்மேனாக வந்தவர் குருங். நேபாளத்துக்காரர், ஆனால் என்னைப்போலவே நம் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் நான் பால் வாங்கி வரும்போது, கம்பைக் குறுக்கே நீட்டி விறைப்பாக அதே கேள்வியைக் கேட்பார். நானும் பால் பாக்கெட்டோடு கைகளைத் தூக்கி, "தோஸ்த்!" என்பேன்.

"இன்னாங்க இது, தெருவே பாத்து சிரிக்குது. காப்பிக்குப் பால் வருமா, வராதா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கத்துவாள்.

அவர் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பிய காலையில், பெட்டியோடு வந்தவரை நான் அவருடைய கம்பையே எடுத்து நீட்டி மறித்தேன். "தம்! கோன் ஜாதா ஹை?" யார் போவது?

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. கம்பை இறக்கிவிட்டேன்.

இப்போது வாசலில் என்னை யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் பால் வாங்கி வரும்போது அங்கே ஒரு நொடி நின்று, "தோஸ்த்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.