என் பெயருக்கு ஒரு பத்திரிகை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் பின்னால் போய் நிற்கிறவள். இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மண்ணூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. புருஷனும் பெண்சாதியுமாக வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், மேலே மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. வாங்குகிறவர்களும் ஜோடியாக நிற்க வேண்டும். அண்ணன் அவசரமாகச் சட்டையை மாட்டுவார், அண்ணி தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். நான் காபி போடுவேன். உறையின் மேல் அண்ணன் பெயரும், பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்றும் எழுதியிருக்கும். அண்ணி, பிள்ளைகள், நான் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வந்தவர்கள் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்து, நீயும் வந்துடு என்பார்கள். நானும் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவேன். அதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை என்று சொன்னால் பொய்.

வல்லம் வடகாலில் வண்டிகளுக்கு வயர் செட் கட்டும் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். போன வருஷம் கூட வேலை செய்யும் தென்காசிப் பக்கத்துப் பெண், டீ நேரத்தில் தன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்துகொண்டு, "உங்க பேருக்கு முன்னால என்னக்கா போடட்டும்?" என்று கேட்டாள். உறையில் திரு, திருமதி என்று அச்சடித்திருந்தது. திருமதி நான் இல்லை. இந்த வயதில் செல்வி என்று போட்டால் பேக்கிங் லைனே சிரிக்கும். வெறும் பேரை எழுது என்றேன். அவள் அச்சடித்த இரண்டையும் கோடு போட்டு அடித்தாள். இனிஷியலோடு என் பெயரை எழுதி, 'அவர்கள்' என்று முடித்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தாள். அதுவரை என் பெயர் போட்டு வந்ததெல்லாம் பேங்க் கடிதம்தான். லீவு போட்டுத் தென்காசிக்கு ராத்திரி பஸ் ஏறிப் போனேன்.

இந்த வருஷம் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, தன் பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாமாவோடு வந்தாள். அந்தப் பெண் சின்ன வயதில் எங்கள் வீட்டில் தங்கித்தான் பள்ளிக்கூடம் போனாள். தலை பின்னிவிட்டதும், சோறு கட்டிக் கொடுத்ததும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்ததும் நான்தான். அவளை மணவறையில் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணனும் அண்ணியும் நின்று தட்டை வாங்கினார்கள். காபியைக் கொடுத்த பிறகும் நான் உள்ளே போகவில்லை. என் பெயர் எழுதி எனக்கும் ஒரு பத்திரிகை வேண்டும் என்றேன்.

அக்கா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "இன்னாடி, ஒனக்குத் தனியா வூடு கீதா? ஒரே அடுப்புக்கு ரெண்டு பத்திரிகையா?"

"அடுப்புக்கு வெக்கிறியா, ஆளுக்கு வெக்கிறியாக்கா?"

மாமா செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். கம்பெனிக்குப் போய்ப் போய்ப் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார். உனக்கு வைத்தால் நாளைக்கு எல்லா வீட்டிலும் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றாள் அக்கா. அப்புறம் குரலை இறக்கி, வீட்டு ஆளுக்கு எதற்குப் பத்திரிகை என்றாள். அண்ணனும் வீட்டு ஆள்தான். அவருக்குத் தட்டோடு வைத்திருந்தார்கள். அவள் பையில் எழுதாத உறைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பேரு எழுதிக் குடுத்தா வர்றேன். இல்லாங்காட்டி வரமாட்டேன்" என்றேன்.

"வராட்டி போ" என்று எழுந்துவிட்டாள். காபியைக் குடிக்கவில்லை.

டம்ளர் கழுவும்போது அண்ணி பக்கத்தில் வந்து மெதுவாக, "எம் பேரு மட்டும் அதுல எங்க கீது?" என்றாள். அப்போ நீயும் கேளு என்றேன். சிரித்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் எல்லோரும் என்னைப் பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதம்தான். ஒரு பேனாவும் ஒரு நிமிஷமும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தால், என் பிடிவாதம் எனக்குப் பெரிது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வேன் வந்து வாசலில் நின்றது. எல்லோரும் ஏறினார்கள். அண்ணன் இறங்கி வந்து ஒரு தடவை கூப்பிட்டார். பத்திரிகை கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார். வேன் போன கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண் போன் செய்தாள். "சித்தி, நான் கூப்புடறேன். எனக்காக வா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் குழந்தை கூப்பிட்டாள் என்று நான் போய் நின்றால், அவள் அம்மா செய்தது சரி என்று ஆகிவிடும். அடுத்த தட்டும் என்னைத் தாண்டித்தான் போகும். "நீ நல்லா இரு கண்ணு. மாப்ளய கூட்டிக்கினு இங்க வா, நான் ஆக்கிப் போடறேன். அங்க நான் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கல்யாணம் நடந்தது. எனக்கு முதல் ஷிப்ட். வேலைக்குப் போய்விட்டு வந்தேன்.