செல்வராஜ் சாருக்கு அவர்கள் வைத்த பேனர்

செல்வராஜ் சார் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல் கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் வரும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கடைத்தெருத் திருப்பத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். கரி பூசிய முகம், கழுத்தில் எலும்பு மாலை, கையில் கத்தி. ஏதோ புதுப் படம் வருகிறது என்றுதான் நினைத்தேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்றிருந்தது. பெயரைப் படித்ததும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த முகத்தின் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் எம்.ஏ. படித்தபோது கைச்செலவுக்காக ஒரு சினிமாவில் கூட்டத்தோடு நிற்கப் போனார். நல்ல கறுப்பு என்று பொறுக்கியெடுத்து, போதைமருந்து விற்கும் ஆப்பிரிக்க அடியாள் வேடம் கொடுத்தார்கள். கதாநாயகன் விடும் உதையில் குப்பைத்தொட்டிக்குள் விழ வேண்டும். தியேட்டரே சிரித்தது. பொருளாதாரம் நடத்தும் ஆசிரியராக ஊர் திரும்பிய பிறகும் அவர் பெயர் 'ஆப்பிரிக்கா சார்'தான். நம் ஸ்டாஃப் ரூமில் அப்படிக் கூப்பிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நன்றாகப் படியுங்கள்.

"எங்கப்பா வயல்ல நின்னு கறுத்த கறுப்பு மேடம் எனக்கு. அதுவும் பத்தலைன்னு மேல மை பூசினாங்க. அவங்களுக்கு எவ்வளவு கறுப்புதான் வேணும்?" என்று ஒருமுறை கேட்டார்.

தான்சானியாவிலிருந்து எமானுவேல் என்ற பையன் எங்கள் கல்லூரிக்குக் கணினி படிக்க வந்தான். சார் குடியிருந்த தெருவிலேயே ஒரு மாடி அறை அவனுக்கு வாடகைக்குக் கிடைத்தது. ஒருநாள் டீக்கடையில் சொன்னான், அவன் ஊர்த் தியேட்டரில் நம் நாட்டுப் படங்கள் நிறைய ஓடுமாம். அதில் எல்லோரும் சிவப்பாகவே இருப்பார்களாம். கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்கிச் சுற்றிப் பார்த்தவன், தப்பான நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பயந்தானாம். சார் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. அவன் போன பிறகு என்னிடம், "அவனையும் அடி வாங்கத்தான் காட்டுறாங்க, என்னையும் அடி வாங்கத்தான் காட்டுறாங்க. சினிமாவுல நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாதி மேடம்" என்றார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு குழந்தையைக் காணவில்லை. அது அத்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அது தெரிவதற்குள் ஐந்து பேர் மாடியேறி, எமானுவேலைப் படியில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். கல்லூரி விட்டு வந்துகொண்டிருந்த நானும் சாரும் சத்தம் கேட்டு ஓடினோம்.

"படத்துல பாக்கலையா சார்? புள்ள பிடிக்கிறது, போதைமருந்து விக்கிறது எல்லாம் இவனுங்கதான்" என்றான் எமானுவேலுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரர் மகன்.

சார் அவன் முன்னால் போய் நின்றார். "அந்தப் படத்துல வந்தவன் நான்தான்டா. திருவிடைமருதூர்க்காரன். அடிக்கணும்னா என்னை அடி."

ஐவரில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் செல்போனை எடுத்து, "ஆப்பிரிக்கா சார், ஒரு செல்ஃபி" என்றான். எமானுவேல் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

அவன் படிப்பை முடிக்காமலே ஊருக்குப் போய்விட்டான். சார் விடவில்லை. புகார் கொடுத்தார். கல்லூரி நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, சமாதானமாகப் போகச் சொன்னது. "அவன் கை சேந்துடும் சார். இந்தியா எப்படி இருந்துச்சுன்னு அவங்கம்மா கேட்டா என்ன சொல்லுவான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கோர்ட்டில் ஐந்து பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். சத்தம் கேட்டுத் தனித்தனியாக ஓடி வந்தார்களாம், ஒருவரை ஒருவர் யாரென்றே தெரியாதாம். அந்தப் பொய்யை உடைக்கக்கூடியவர், அதே தெருவில் அவர்களைத் தினமும் ஒன்றாகப் பார்த்த செல்வராஜ் சார். கூண்டில் ஏறுவதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். வழக்கு இத்தோடு முடிந்தது என்று அந்தத் தெருவில் பேசிக்கொண்டதை நானே கேட்டேன்.

சாவு வீட்டில் அவர் மனைவி மலர்விழி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மூஞ்சியோட அவரை அனுப்பாதீங்க மேடம். மொதல்ல அதைக் கழட்டுங்க."

நானும் இரண்டு மாணவிகளும் போய்க் கயிற்றை அறுத்தோம். பேனரைத் தரையில் விரித்தபோதுதான் அடிப்பகுதியைப் பார்த்தேன். நம் ஊர்ப் பேனரில் செத்தவருக்கு ஒரு படம் என்றால் வைத்தவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. வீட்டுக்காரர் மகன் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப்போகிறவன். அந்தப் பக்கம் எந்தச் சாவானாலும் பேனர் அவனுடையதுதான். பழக்கதோஷம், இந்தச் சாவையும் விட மனம் வரவில்லை. கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி, அவனோடு சேர்த்து ஐந்து பேர். படியில் நான் பார்த்த அதே ஐந்து முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில்: 'பள்ளிக்காலம் முதல் இணைபிரியா நண்பர்கள்'.

சாவு விழுந்த நாளில் கடைத்தெருவில் நின்று நான் சிரித்தேன். அதற்காக வெட்கப்படவில்லை.

மறுநாள் வக்கீல் அதை மேஜைமேல் விரித்து, பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "இவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்களேம்மா" என்றார்.

இப்போது என்னிடமும் சமாதானம் பேச ஆள் வருகிறார்கள். போனவர் நல்லவர், அவர் இருந்தால் மன்னித்திருப்பார் என்கிறார்கள். அவர் மன்னிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவர் புத்தகங்களை மலர்விழி கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அந்தக் கூண்டில் அவருக்கு இருந்த இடத்தை. அடுத்த வாய்தாவுக்கு நான் ஏறுகிறேன், பேனரோடு. அந்தக் கரி முகத்தைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தவர்கள், அதற்குக் கீழே இருக்கும் தங்கள் முகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டட்டும்.