முன்னால் இருந்த பேட்டரி

செவ்வந்தி அழவில்லை என்று ஊரே பேசியது. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தவர்கள் திருப்பத்தூர் சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னார்கள். புருஷன் போன மூன்றாம் நாள் அடுப்பு மூட்டினாளாம், பத்தாம் நாள் மகளிர் குழுவில் சாமை நிறுக்கப் போய்விட்டாளாம். ஒருத்தி எத்தனை குடம் கண்ணீர் விட்டால் இவர்களுக்குத் திருப்தி வரும் என்று தெரியவில்லை. எனக்குச் சண்டை என்றால் பிடிக்கும். ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் தனசேகரன். திருப்பத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பை ஒட்டிக் கிடந்த என் தரிசு நிலத்தை மேடும் பள்ளமுமாகக் கொத்திப் போட்டு, ரிமோட் கார் பந்தயத்துக்கு ஒரு டிராக் அமைத்திருக்கிறேன். ரிமோட் கார் என்றதும் பிறந்தநாள் பொம்மையை நினைத்துக்கொண்டு சிரிப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. முழங்கை நீளம், ஒன்றரைக் கிலோ எடை, மேட்டில் ஏறினால் ஆள் உயரம் பறக்கும் வண்டி அது. காற்றில் இருக்கும்போது அது எப்படி நிற்கிறதோ, அப்படித்தான் தரையில் வந்து விழும்.

செவ்வந்தியின் புருஷன் மணிவேல் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டியவன். ஜீப் ஹாரனுக்கு ரிலே வாங்கக் கடைக்கு வந்தவன், மேஜைமேல் இருந்த காரைப் பார்த்து அங்கேயே மயங்கிவிட்டான். இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வந்தான். இரண்டு வருடமும் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தான். காரணம் எனக்குத் தெரியும், என் டிராக்கில் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். பேட்டரி.

அந்தக் காரின் தட்டில் பேட்டரியை மூன்று இடத்தில் வைக்கலாம்: முன்னால், நடுவில், பின்னால். மணிவேல் எப்போதும் முன்னால்தான் வைப்பான். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் டப்பாவையும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் அதற்கும் முன்னால் கொண்டுபோய் ஒட்டி வைத்திருந்தான். பெரிய மேட்டில் தாவியதும் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு விழும், குப்புறக் கவிழும்.

"பேட்டரிய பின்னால தள்ளுப்பா" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

"முன்னால கனம் இல்லன்னா வண்டி மூக்கத் தூக்கிடும் சார். எங்க ரோட்ல வந்து ஓட்டிப் பாருங்க, தெரியும்" என்பான்.

அவன் பிடிவாதம் ஜீப்பிலிருந்து வந்தது. அந்தச் செங்குத்து ஏற்றத்தில் பின்னால் சுமை இருந்தால் ஜீப்பின் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். அதனால் மூட்டைகளை முன் சீட்டில் அடுக்கி, பானெட் மேல் இரண்டு ஆளையும் உட்கார வைத்துத்தான் ஏறுவார்கள். உச்சியில் மாற்றுமேடு என்று ஓர் இடம். ஏறி வந்த எந்த ஜீப்பும் அங்கே நிற்கும். எல்லாரும் இறங்கி, முன்னால் இருக்கும் சுமையைப் பின்னால் மாற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் இறக்கத்தில் வண்டியை விடுவார்கள். அரை பீடி குடிக்கும் நேரம்தான் ஆகும். எவ்வளவு அவசரமானாலும் அந்த நேரத்தை யாரும் மிச்சம் பிடித்ததில்லை.

மணிவேல் ஒரே ஒரு தடவை மிச்சம் பிடித்தான். போன சித்திரையில், பந்தய ஞாயிற்றுக்கிழமை. செவ்வந்தி காலை பஸ்ஸிலேயே கார் பெட்டியோடு டிராக்குக்கு வந்துவிட்டாள். அவன் புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. அவன் ஓட்ட வேண்டிய சுற்று நெருங்கிவிட்டது, ஆளைக் காணோம். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் அவளிடம் கத்தினேன்: "போன போடும்மா, சீக்கிரம் வரச் சொல்லு, பேர அடிச்சிடுவேன்!"

அவள் போட்டாள். "எங்க கீற நீ? பேரு கூப்புட்டாங்க, சீக்கிரம் வா" என்றாள்.

"மேட்டுக்கு வந்துட்டேன், இதோ எறங்கறேன்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

மூட்டைகள் முன்னாலேயே இருந்தன. மேட்டிலிருந்து இந்தப் பக்கம் இறங்கிய மூன்றாவது வளைவில் ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு பள்ளத்தில் போனது. பின்னால் இருந்த இரண்டு பேருக்குச் சிராய்ப்பு. மணிவேல் அங்கேயே முடிந்தான்.

போன் போடச் சொன்னவன் நான், போட்டவள் அவள். இரண்டு பேருக்கும் இது தெரியும். பதினோரு மாதம் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் அதே பெட்டியோடு வந்து நின்றாள்.

"ஓட்டணும் சார்."

"எதுக்கும்மா?"

"அந்தப் பெரிய மேட்டத் தாண்டி ஒரு தபா நேரா எறங்கணும். அவருக்கு எறங்கவே இல்ல. பங்குனில வர பந்தயத்துக்கு என் பேர எழுதிக்கங்க."

துக்கத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சாமை மூட்டைக்கு எடை சொல்வதுபோலச் சொன்னாள். முகத்தில் ஒன்றுமில்லை. எனக்கும் உள்ளே ஒன்றுமில்லை. அந்தச் சித்திரைக்குப் பிறகு சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல்தான் நான் இருந்தேன்.

ஐந்து ஞாயிறு ஓட்டினாள். ஐந்து ஞாயிறும் வண்டி குப்புறவே விழுந்தது. பேட்டரியைத் தொடலாமா என்று கேட்டால், "அவரு வச்சது அப்படியே இருக்கட்டும்" என்பாள். ஆறாவது ஞாயிறு கவிழ்ந்த வண்டியை எடுத்து வந்தவள், மேல் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தத்துக்கு வைக்கிற மாதிரியே வச்சிக்கிறாரு" என்றாள். "எறக்கத்துக்கு மாத்தவே இல்ல சார்."

பிறகு பேட்டரியை அவளே கழற்றினாள்.

அடுத்த வாரம் குழுவிலிருந்து இரண்டு சின்னத் தராசைக் கேட்டு வாங்கி வந்தாள். முன்சக்கரங்கள் ஒன்றின்மேல், பின்சக்கரங்கள் இன்னொன்றின்மேல். கிராம் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மணிவேல் வைத்தபடி முன்னால் எழுநூறு கிராம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். தாவும்போது மூக்கு வானத்தைப் பார்த்தது, வளைவில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு நேரே போய் வேலியில் முட்டியது. அவன் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது, அதை நான்தான் ஒப்புக்கொண்டதில்லை. கடைசியில் பேட்டரி பின்னால், ரிசீவர் மட்டும் முன்னால், கன்ட்ரோலர் நடுவில் இடது பக்கம் என்று வந்து நின்றாள். முன்னால் அறுநூறு, பின்னால் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

கன்ட்ரோலர் பின்னால் இருக்கும் மோட்டாரை நெருங்கி வந்துவிட்டதால் ஒயர் நீளம் மிஞ்சித் தொங்கியது. மணிவேல் தன் கையால் பற்றவைத்த ஒயர் அது, ஈயம் கட்டி கட்டியாக இருக்கும். நான் கட்டரை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வெட்டுங்க சார். தொங்கினா சக்கரத்துல மாட்டும்" என்றாள்.

வெட்டினேன்.

பந்தயத்தன்று ஒன்பது வண்டிகள். நான் மைக் பிடிக்கவில்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். செவ்வந்தி நாலாவதாக வந்தாள். எனக்கு அந்த இடமெல்லாம் நினைவில்லை. முதல் சுற்றில் பெரிய மேட்டில் ஏறிய வண்டி, காற்றில் மட்டமாக நின்று, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் பட இறங்கியதுதான் நினைவிருக்கிறது. பன்னிரண்டு சுற்று, பன்னிரண்டு தடவையும் அப்படியே இறங்கியது. ஓட்டி முடித்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தாள். யாரோ கை தட்டினார்கள். அவள் முகம் தை மாதத்தில் இருந்தபடியேதான் இருந்தது.

"அவ்ளோதானா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அவ்ளோதாம்மா" என்றேன்.

அன்று மாலை, வெயில் தாழுமுன், அவளோடு நானும் மலைக்குக் கிளம்பினேன். துக்கம் கேட்கக்கூட நான் அதுவரை போனதில்லை. குணசீலன் என்பவருடைய ஜீப். பயணிகள் நாலே பேர், மூட்டை எதுவும் இல்லை. தொண்ணூற்றாறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு பின்னால் ஏற முடியாது என்று நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கார் பெட்டி என் மடியில் இருந்தது. மணிவேல் விழுந்த வளைவு வந்தது. நான் பள்ளத்தின் பக்கம் பார்க்கவில்லை.

மாற்றுமேடு வந்தது. சுமைதான் இல்லையே என்று குணசீலன் கியரை மாற்றி நேரே இறக்கத்துக்கு விடப் போனார்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள் செவ்வந்தி.

"எதுக்குமா? வண்டி காலியாதான கீது?"

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கிச் சுற்றி வந்து என் மடியிலிருந்த பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தாள். திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் எறங்கி பின்னால வாங்க சார்."

குணசீலன் சிரிக்கவில்லை, இன்ஜினை அணைத்துவிட்டார். நான் இறங்கி, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க ஏறி, பின்னால் அவள் எதிரே உட்கார்ந்தேன். எங்கள் இருவர் நடுவிலும் பெட்டி இருந்தது.

"அன்னிக்கு நாம ரெண்டு பேரும் அவர இங்க நிக்க வுடல சார்" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். பதினோரு மாதமாக வராதது எனக்கு அங்கே வந்துவிட்டது. நாலு பேர் பார்க்க விக்கி விக்கி அழுதேன். அவளுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் மறுபடி கிளம்பியது.

"கம்பிய நல்லா புடிச்சிக்கங்க சார்" என்றாள். "எறக்கம்."